என் வீட்டின் மேல் ஒரு பூஜ்யம்

பாயான் பாருவில் நாங்கள் இருக்கும் அரசாங்க வாடகை அடுக்குமாடிக்கு ஆய்வு செய்ய வந்தவர், பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிப்பவர். ஒல்லியான உடல், கசங்காத வெள்ளைச் சட்டை. எந்தக் கேள்விக்கும் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குள் என்ன பொய்யை யோசிக்கிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

அவருடைய கணினித் திரையில் எங்கள் மாடியின் வரைபடம் இருந்தது. அதில் என் வீட்டின் மேல் ஒரு பூஜ்யம். மலாய் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில் பூஜ்யமும் கோசோங், காலி வீடும் கோசோங். காலி வீடு என்றால் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

"என்னா சார், நான் முழுசா நிக்கிறேன், வீடு கோசோங்கா?"

கண்ணாடியைத் துடைத்தார். "ஐயோ, அப்படி இல்லக்கா. சூடு எப்படிப் பரவுதுன்னு பிசிக்ஸ்ல ஒரு கணக்கு இருக்கு. அத வச்சுத்தான் சனங்க வீடு மாறுறதப் பாக்குறேன். நீங்க மாறவே இல்ல, அதான் ஜீரோ."

"இத யாரு படிப்பா?"

"ஹவுசிங் ஆபீஸ்லதான் லா."

"அவுங்களுக்கு உங்க பிசிக்ஸ் தெரியுமா?"

மறுபடியும் துடைத்தார், இந்த முறை வெகுநேரம்.

நல்லவராகத்தான் தெரிந்தார். இருந்தாலும் இப்போதெல்லாம் வெளியே போகும்போது வாசலில் ஒரு ஜோடிச் செருப்பை விட்டுவிட்டுத்தான் போகிறேன்.