நிழலில் சுடும் பாறை

ஹைதராபாத்துக்கு வெளியே, அரசு நிலத்தில் ஒரு சரிவுப் பாறை. அதில் அடித்திருக்கும் இரும்பு வளையங்களில் கயிற்றை மாட்டி மாட்டி ஏறுகிறேன். கீழே கயிற்றின் மறுமுனை நண்பன் ரவியின் கையில். தூரத்து ஐ.டி. கட்டடங்களின் கண்ணாடியில் இப்போதுதான் வெயில் விழுகிறது. இங்கே இன்னும் நிழல்தான். ஆனாலும் பாறை காய்ச்சல் கண்ட நெற்றி மாதிரி சுடுகிறது.

காதை வைத்துப் பார்க்கிறேன். உள்ளே 'டிக்' என்கிறது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டிக்'.

கடைசி வளையத்தில் கயிற்றை மாட்டிவிட்டு நிமிர்ந்தால், உச்சியில் கையில் சுத்தியலோடு ஒரு பெண். முகமெல்லாம் சாம்பல். நாங்கள் தமிழில் கத்தியது கேட்டிருக்கும். சேலத்துப் பேச்சில் சொல்கிறார்.

"மேல வராதீங்கண்ணா. அந்தப் பக்கம் நேத்திருந்து தீ போட்டிருக்கோம். சூட்டுக்குக் கல்லு பலகையா கழண்டு வரும்."

"கழண்டுடுச்சா?"

குனிந்து மெல்லத் தட்டுகிறார். காலிப் பானையைத் தட்டினதுபோல் கேட்கிறது.

"இங்கயும் அடியில விட்டுடுச்சு. உங்க கயிறு எதுல மாட்டியிருக்கு?"

சுத்தியலுக்கு ஒரு சாண் கீழே இருக்கும் வளையத்தைக் காட்டுகிறேன்.

அவர் வளையத்தைப் பார்க்கிறார். சத்தம் வராமல் சுத்தியலைக் கீழே வைக்கிறார்.