செரீனா வாங்கிய பூஜ்யம்

ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் செரீனாவின் முகத்தை மறந்தவர்கள் இருக்கலாம், வலது கையை மறந்தவர்கள் கிடையாது. நான்கு வருடம் அந்தக் கையால்தான் தன் பல்கலைக்கழகத்துக்காக ஈட்டி எறிந்தாள். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்தில் போகும்போது ஈட்டியும் கூடவே போகும். ஒருமுறை அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்ன ஓட்டுநரிடம், "அது ஒக்காராது அண்ணே, நின்னுக்கிட்டே வரும்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். அவள் அப்பா சவரிநாதன் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே, பேருந்து ஓடியதே ஈட்டிக்காகத்தான் என்கிற அளவுக்கு வளர்த்துவிட்டார்.

சவரிநாதன் சிம்பாங் பூலாய் கல்மலையிலிருந்து முப்பது வருடம் கல் லாரி ஓட்டியவர். போன வருடம்தான் லாரியை விட்டார். லாரிக்கு இருந்த பிரேக், மகளைப் பற்றிப் பேசும்போது அவர் வாய்க்கு இருந்ததில்லை. பசியாறப் போன இடத்தில் யார் கிடைத்தாலும் "நம்ப ஈட்டிக்காரி" என்று ஆரம்பித்துவிடுவார். ஈட்டிக்காரி ஈட்டியைத் தொட்டு ஒன்றரை வருடம் ஆகிறது என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்.

தொடாததற்குக் காரணம் தோள். கடைசி ஆண்டுத் தேர்வுப் போட்டிக்கு முன்பே அது விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. பிசியோ வாரா வாரம் "வலி இருக்கா?" என்று கேட்பார். செரீனா வாரா வாரம் "இல்ல சார்" என்பாள். இருக்கிறது என்று சொன்னால் அணிப் பட்டியலில் பெயர் இருக்காது. பாடத்தில் கோட்டை விட்ட விளையாட்டுக்காரர்கள்கூட இந்த ஒரு பதிலை மட்டும் தப்பாமல் சொல்வார்கள். போட்டி அன்று இரண்டு மாத்திரையை முழுங்கிவிட்டு இறங்கினாள். நான்காவது வீச்சில் ஈட்டி போன தூரத்தைவிட அவள் அலறல் அதிக தூரம் போனது. பிறகு அறுவை சிகிச்சை, கட்டு, பட்டமளிப்பு விழா, வீடு.

இப்போது ஈப்போவில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை. உடையக்கூடியது என்று ஒட்டியிருப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இடது கையால், நின்ற இடத்திலிருந்தே சரியான கூடைக்குள் எறிந்துவிடுவாள். மேலாளர் திட்டுவார், ஆனால் முழுசாக வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் திட்டுவார். அவள் இருக்கும் பக்கம்தான் கிடங்கில் சிரிப்புச் சத்தம்.

ஆனால் காலை ஐந்து மணிக்கு, பயிற்சி நேரத்துக்கு, தானாக விழிப்பு வந்துவிடும். காலில் சப்பாத்தை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். எங்கே ஓடுவது, எதற்காக ஓடுவது என்று தெரியாது. தான் யார் என்பதே சரியாகத் தெரியாது. ஏழு மணிக்கு அதைக் கழற்றிவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். சாப்பாடு இறங்குவதில்லை. ஆறு மாதமாக மாதா கோயிலுக்குப் போகாததற்கு ஆறு விதமான காரணம் சொல்லி வைத்திருந்தாள்.

கண்டுபிடித்தவன் தீபன். அதே பல்கலைக்கழகத்துக்காக நீளம் தாண்டியவன், முழங்கால் போனதும் லூமுட் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கப் போய்விட்டான். ஒரு நாள் அவளைப் பார்க்க வந்தவன், அவள் தட்டில் பாதி ரொட்டி சானாய் அப்படியே கிடப்பதைப் பார்த்தான். செரீனா தட்டில் மிச்சமா? அவனுக்குப் பகீரென்றது. நேராகக் கேட்டால் நழுவிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

"கிளினிக்ல ஒரு டெஸ்ட் வைக்கிறாங்க லா. இருபத்தொரு கேள்வி. நான் நாப்பத்தொண்ணு வாங்குனேன்" என்றான்.

"நீயே நாப்பத்தொண்ணா? மோட்டோவ எடு, போலாம்."

கிளினிக்கில் மனநலப் பிரிவுத் தாதி சரளா தாளைக் கொடுத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை போடலாம், கஷ்டம் கூடினால் எண்ணும் கூடும். காரணமில்லாமல் அழுகை வருகிறதா, எதிலும் ஆசையில்லாமல் போகிறதா என்று கேட்டிருந்தது. செரீனாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அதே பழைய பிசியோ கேள்வி, சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. கை தானாக ஓடியது. இருபத்தொரு கேள்விக்கும் இருபத்தொரு பூஜ்யம், இரண்டே நிமிடம்.

பேனாவை மூடும்போதுதான் தீபனின் நாற்பத்தொன்று எப்படிப்பட்டது என்று உறைத்தது. வெளியே பெஞ்சியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைக் கதவு இடுக்கில் பார்த்தாள். பாவி, அவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சரளா தாளைப் பார்த்துவிட்டு, "அத்தனையும் பூஜ்யமா? நான் போட்டாலே பதினஞ்சு வரும்மா" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ்ஸி."

"என்ன வெளையாட்டு?"

செரீனா திடுக்கிட்டாள். "தீபன் சொன்னானா?"

"யாரும் சொல்லல. இவ்ளோ வேகமா பொய் சொல்றது ரெண்டு கூட்டம்தான். நேவில சேர வர்ற பையனுங்க, அப்புறம் ஒங்க ஆளுங்க." சரளா புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தார். "இங்க யாரு பேரையும் லிஸ்ட்லேருந்து எடுக்க மாட்டோம். நெசமா போடு."

முதல் கேள்விக்கு மூன்று போட்டாள். இரண்டாவதுக்கும் மூன்று. மூன்றாவது கேள்வி கண்ணுக்குத் தெரியவில்லை, எழுத்தெல்லாம் கலங்கியிருந்தது.

"வலிக்குது மிஸ்ஸி" என்றாள்.

எங்கே என்று சரளா கேட்கவில்லை. செரீனா அழுதாள். கொஞ்சமும் கூச்சப்படாமல், மேசையிலிருந்த டிஷ்யூப் பெட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

வெளியே வந்ததும் தீபன் கேட்டான். "எத்தன?"

"நாப்பத்தி நாலு."

"ச்சே, அதுலயும் ஜெயிச்சிட்டியா! ஆனா நான் இப்ப பத்தொம்பதுக்கு எறங்கிட்டேன் மச்சி. முடிஞ்சா புடி." அவன் முதுகில் அவள் வைத்த அடி கிளினிக் முழுக்கக் கேட்டது. இடது கைதான்.

இனி அப்பாவிடம் சொல்ல வேண்டும். கிளினிக் கதவைவிட வீட்டுக் கதவுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஈட்டியும் இல்லை, தைரியமும் இல்லை என்றால் அவருக்கு மிச்சமிருக்கும் மகள் யார்? சாயங்காலம் தேத்தண்ணீர் நேரத்தில், ஐந்து மணி சப்பாத்திலிருந்து நாற்பத்து நான்கு வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். சவரிநாதன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணீரில் ஆடை கட்டியது. அவ்வளவுதான், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார் என்று செரீனா நினைத்துக்கொண்டாள்.

"மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"திங்கக்கெழம, ஒம்பது மணிக்கு."

"நானும் வாரேன்."

"தொணைக்கெல்லாம் வேணாம்பா. நானே போயிக்குவேன்."

சவரிநாதன் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தொணைக்கு இல்லம்மா" என்றார். "எனக்கும் ஒரு தாள் வேணும். லாரிய விட்டு பதினோரு மாசம் ஆவுது."