கோட்டின் மேல் என் கால்

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் இருக்கும் டென்னிஸ் மைதானத்துக்குக் கூரை போட்டுவிட்டார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். தரை பளபளவென்று இருக்கிறது. எல்லோரும் மெச்சுகிறார்கள், எனக்குத்தான் பிடிக்கவில்லை.

நாங்கள் ஆடிய காலத்தில் அது வெட்டவெளி. சிமெண்ட் தரை, மேலே பச்சை பெயிண்ட், பக்கத்திலேயே லாரிகள் போகிற சாலை. காலையில் பெருக்கித் தள்ளினால் பத்து மணிக்குள் மறுபடி தூசி படிந்துவிடும். என் சாக்ஸைத் துவைக்கும்போதெல்லாம் என் மனைவி டென்னிஸைக் கண்டுபிடித்தவனைத் திட்டுவாள். ஆனால் அந்தத் தூசியால் ஒரு நன்மை இருந்தது. பந்து விழுந்த இடத்தில் வட்டமாகத் தடம் பதியும். எங்களுக்குக் கோட்டைப் பார்த்துச் சொல்ல நடுவர் கிடையாது. நம் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று நாம்தான் சொல்ல வேண்டும்; கோட்டைத் தொட்டாலே உள்ளேதான். எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் நெட்டைச் சுற்றி வந்து தடத்தைப் பார்க்கலாம். இதுதான் எஸ்டேட் வழக்கம்.

நான் இரும்புக் கம்பெனியில் ஃபிட்டர். என்னோடு இரட்டையர் ஆடியவன் அதே கம்பெனியில் கிரேன் ஓட்டினான். அதிகாரிகள் ஆடுவதற்காகக் கட்டிய மைதானம் அது. எதிரில் நின்று பந்து போட ஆள் போதாமல்தான் எங்களை உள்ளே விட்டார்கள். விட்டவர்களையே ஒரே வருஷத்தில் தோற்கடிக்க ஆரம்பித்தோம். அவன் நெட்டுக்குப் பக்கத்தில் மரம்போல நிற்பான், நான் பின்னால் ஓடி ஓடிச் சாவேன். கம்பெனிகளுக்கிடையே நடக்கும் போட்டியில் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டோம். எதிரில் வேறொரு கம்பெனியின் மேனேஜர்கள் இரண்டு பேர், வெள்ளை டீ-ஷர்ட், வெள்ளைத் தொப்பி.

எனக்கு அந்தக் கப் வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதற்கு முன்னும் பின்னும் எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. ஜெயித்தால் கம்பெனி வாசல் கண்ணாடி அலமாரியில் எங்கள் பேர் போட்டு வைப்பார்கள். என் அப்பா அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர். எங்கள் வீட்டு ஆள் ஒருவர் பேரும் கண்ணாடிக்குள் இருந்ததில்லை. ஒரு வாரமாக ஷிப்ட் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். மனைவியும் மாமியாரும் பட்டுப்புடவையில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது செட். இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் கப் அவர்களுக்கு. அவர்கள் அடித்த பந்து என் தலைக்கு மேல் போய், பின்கோட்டில் என் வலது காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. தடம் பாதிக்கு மேல் கோட்டின் மேலேயே இருந்தது. பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் "அவுட்!" என்று கத்தினேன். கால் தன்னால் நகர்ந்து தடத்தின் மேல் போய் நின்றது. தன்னால் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, நான்தான் நகர்த்தினேன்.

எதிர்ப்பக்கத்து மேனேஜர் கையைத் தூக்கினார். நெட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அதற்குள் என் கூட்டாளி என் பக்கம் வந்து குனிந்து என் ஷூவைப் பார்த்தான்.

"கால எடு" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் எடுக்கவில்லை. ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி, "பால் உள்ள சார், நாங்க தோத்துட்டோம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, ஓட்டமாகப் போய் நெட்டருகிலேயே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

திங்கட்கிழமை கம்பெனியில் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். "இன்னா தர்மபிரபு, கைக்கு வர வேண்டிய கப்பத் தூக்கிக் குட்த்துட்டு வந்துக்கிறியே" என்று கேன்டீனில் ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் சிரித்தபடி சாப்பிட்டான். என் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானோ, "நான் அவுட்டுன்னு சொன்னேன்யா" என்று அவர்களோடு சேர்ந்துகொண்டேன். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பேச்சையும் நிறுத்திவிட்டேன். அவன் அத்திப்பட்டில் ரயில் ஏறுவான், நான் மீஞ்சூரில். தினமும் கைக்குட்டை போட்டு எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைத்திருப்பான். இப்போது நான் வேண்டுமென்றே கடைசிப் பெட்டியில் ஏறி நின்றுகொண்டே போனேன். இரண்டு மாதம் அப்படிப் போனது. ஆட்டத்தில் தோற்ற வலி பத்து நாளில் போய்விட்டது. அவனில்லாமல் போகிற அந்த ரயில்தான் தாங்க முடியவில்லை, ஆனால் வீம்பு விடவில்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் நாஷ்டா கடை போடும் அக்கா அவன் பெட்டியில்தான் வருவார். ஒருநாள் பிளாட்பாரத்தில் என்னை மறித்தார்.

"இன்னா நைனா, எங்க போய் ஒளிஞ்சிக்கினுகீற? அந்தாளு டெய்லி உனுக்கு சீட்டு போட்டு வச்சிக்கினு ஊரோட சண்ட போட்றாரு. என் இட்லி குண்டானக்கூட வைக்க உட மாட்டேன்றாரு. பேஜாரா கீதுப்பா!"

மறுநாள் பழைய பெட்டியில் ஏறினேன். ஜன்னலோரம் கைக்குட்டை இருந்தது. எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அனுப்பம்பட்டு தாண்டியது. கடைசியில் நான்தான் சொன்னேன்.

"அன்னிக்கி பால் உள்ளதான்டா."

"அதான் எனுக்குத் தெரியுமே."

"அப்ப எதுக்குடா அவ்ளோ அவசரமா ஓடிப் போய்க் கை குட்த்த? கொஞ்சம் நின்னிருந்தா நானே கால எட்த்திருப்பேன்ல?"

அவன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான். "நீ எங்க எட்த்த? அந்த மேனேஜர் நெட்டச் சுத்தி வந்துக்கினு இருந்தான்டா. வந்திருந்தா உன் கால பாத்திருப்பான். உன் பொண்டாட்டி வேற மொதல் வரிசைல குந்தினு கீது."

பொன்னேரி போனது, கவரைப்பேட்டையும் போனது. நான் ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணில் தூசி என்று அவன் நினைத்திருக்க மாட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு அவனுக்கு முன்னால் போய் விளக்குமாற்றை எடுத்தேன். பின்னாலேயே வந்தவன் அதைக் கையிலிருந்து பிடுங்கி வேலியோரம் போட்டான்.

"உட்றா, தூசி இருக்கட்டும். உன்கூட ஆட்றதுக்கு அது தேவப்படுது."