ஈஸ்வரிக்கு ஊர் காட்டிய ஞாயிறு

காலை 6.10. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர். ஊர் முகப்பில் இருக்கும் மூலக்குளம் தாண்டியதுமே நான் பஸ் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் என் மனைவி ஈஸ்வரி சன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஊர் வந்துவிட்டது என்று தோளைத் தட்டினேன். கண்ணைத் திறந்து வெளியே பார்த்தவள், "இதுவுந் திருப்பூராட்டத்தான் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள். ஆரம்பமே எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தப் பயணத்துக்கு ஒரு கெடு இருந்தது. அடுத்த மாதத்தோடு பனியன் கம்பெனியில் எனக்கு மெக்கானிக் வேலை முடிகிறது. திருப்பூரிலேயே ஒரு ஃபிளாட் பார்த்து வைத்துக்கொண்டு, முன்பணம் கொடுக்கலாமா என்று மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்கோ பிறந்த ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று ஆசை. புதுச்சேரி நெல்லித்தோப்பில் பிறந்தவன் நான். அப்பா வேலை பார்த்த பஞ்சாலை படுத்த பிறகு, இருபத்தேழு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குப் போனவன். அங்கேயே, தைத்து வரும் பனியன்களில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஈஸ்வரியைக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் புதுச்சேரி வந்து அன்றைக்கே திரும்பியதைத் தவிர அவள் இந்த ஊரைப் பார்த்ததில்லை. என் வாயால் கேட்டதோடு சரி. "ஒரு நாள் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுங்க. சாயங்காலம் பஸ் ஏறறப்ப வர்றதா வேண்டாமான்னு சொல்றேன்" என்றாள். ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர், சேலத்தில் ஒரு மாற்றம், விழுப்புரத்தில் ஒரு மாற்றம். ராத்திரி முழுக்க எதை முதலில் காட்டுவது என்று மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டே வந்தேன்.

6.30. நெல்லித்தோப்பு சிக்னலில் இறங்கி நடந்தோம். நாங்கள் குடியிருந்த ஓட்டு வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நின்றது. கீழே குழாய் சாமான் கடை, மேலே பெண்கள் விடுதி. இங்கேதான் கிணறு இருந்தது, இங்கேதான் அக்கா விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள் என்று கடையின் இரும்பு ஷட்டரைக் காட்டிச் சொன்னேன். அவள் பொறுமையாகத் தலையாட்டினாள். மேலே கொடியில் காய்ந்த துணிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனை டீக்கடையில் நீள ரொட்டி இருந்தது. அதைப் பற்றி முப்பது வருடமாகச் சொல்லியிருக்கிறேன்: மேலே மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே பஞ்சு, டீயில் முக்கினால் தனி ருசி. ஒன்று பதினைந்து ரூபாய். அவள் கடித்துப் பார்த்தாள். "வர்க்கியாட்ட இருக்கும்னு நெனச்சேனுங்க" என்றாள். ஆனால் பாதியை முடித்துவிட்டு மீதியைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

8.15. ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய், கடற்கரை. எங்கள் கடற்கரையில் மணல் கிடையாது, வெறும் கருங்கல்தான், அலை வந்து கல்லில் மோதி முகத்தில் தெறிக்கும், அதுதான் அழகு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். போய்ப் பார்த்தால் வடக்குப் பக்கம் அகலமாக மணல்! பிள்ளைகள் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடலைத் தடுத்துக் கல் போட்டதில் மணல் திரும்ப ஏறிவிட்டது என்று சுண்டல்காரர் விளக்கினார். நல்ல விஷயம்தானே, ஆனால் எனக்கு எரிச்சலாக வந்தது. ஊர் என்னைக் கேட்காமல் திருந்திவிட்டதைப் போல ஓர் எரிச்சல். ஈஸ்வரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றாள். ஐம்பத்தைந்து வயதில் அவள் அலைக்குப் பின்வாங்கிச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு, நான் கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு பிரெஞ்சுக்காரர்கள் இருந்த தெருக்கள். நீலத் தகட்டில் எழுதிய தெருப் பெயர்கள், உயர்ந்த கதவுகள், சுவருக்கு மேல் வழியும் காகிதப்பூ. ஒவ்வொரு சுவருக்கு முன்னும் யாராவது ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் நின்று நின்று போக வேண்டியிருந்தது. நான்காவது தெருவில் அவள் நின்றுவிட்டாள். எல்லாச் சுவரும் மஞ்சளாகத்தானே இருக்கிறது, இன்னும் எத்தனை தெரு என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

11.00. நிழலுக்காகத்தான் ஞாயிற்றுச் சந்தைக்குள் நுழைந்தோம். அது என் பட்டியலில் இல்லை. காந்தி வீதி நெடுகத் தரையிலும் கட்டிலிலும் துணிகள் குவிந்து கிடந்தன. ஒரு பனியன் குவியல் முன்னால் ஈஸ்வரி உட்கார்ந்தாள், அவ்வளவுதான், அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பி, கழுத்துத் தையலில் விரலை ஓட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எங்கள் திருப்பூர்ச் சரக்கு, ஏற்றுமதியில் கழித்தது, எதற்காகக் கழித்தார்கள் தெரியுமா என்று கடைக்கார பாயிடமே கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. இடது கை வலது கையைவிடக் கால் இஞ்ச் குட்டை என்றாள். பாய் இரண்டு கையையும் சேர்த்து மடித்துப் பார்த்து அசந்துபோனார். அதற்குப் பிறகு அவரே ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, இவள் குறை சொல்ல, சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பேரனுக்கு எண்பது ரூபாய்க்கு, குறையே இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினாள். காலையிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்க்கவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன்குழம்பு சாப்பிடும்போதும் அந்தப் பனியன்களைப் பற்றியே பேசினாள்.

மாலை 4.30. ஊரின் தென்பக்கம் மரங்களுக்கு நடுவே ஒரு மண் மைதானம். சுற்றிலும் இடுப்பளவு கம்பி வேலி. உள்ளே ஏழெட்டுப் பேர் பெத்தாங்க் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சின்ன மரக்குண்டு ஒன்றை முதலில் எறிந்துவிட்டு, அதற்கு யாருடைய இரும்புக் குண்டு மிக அருகில் போய் நிற்கிறது என்று பார்க்கும் ஆட்டம். சிறுவயதில் இந்த மாதிரி வேலிக்கு வெளியே நின்று மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. அது சொல்தாக்கள் ஆட்டம் என்பார் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஆலைக்காரன் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்பது அவர் கட்சி.

உள்ளே ஒரு தகராறு. கோடு போட்ட சட்டை அணிந்த தனசேகர் என்பவரும், கையில் துண்டோடு நின்ற ழோசெப்பின் என்ற அம்மாளும் தங்கள் குண்டுதான் பக்கத்தில் இருக்கிறது என்று ஆளுக்கு ஒரு பக்கம் நின்றார்கள். அளக்கும் டேப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி அளந்தார்கள். அது நடுவில் வளைந்ததில் சண்டை இன்னும் பெரிதானது.

"அந்தம்மா குண்டுதானுங்க பக்கம்" என்றாள் ஈஸ்வரி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து. "அரை இஞ்ச்."

எல்லாரும் திரும்பினார்கள். நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். தனசேகர் குனிந்த வாக்கிலேயே கேட்டார்: "இன்னாம்மா, அங்கேர்ந்து எப்டி சொல்றீங்க? உள்ள வந்து பாத்துட்டு சொல்லுங்க."

அவள் போய்விட்டாள். வேலிக்கு வாசல் எங்கே என்றுகூட நான் யோசித்ததில்லை. நாலடி தள்ளித் திறந்தேதான் இருந்தது. குனிந்து ஒரு தடவை பார்த்தாள், சொன்னதையே சொன்னாள். யாரோ விறைப்பான கம்பி ஒன்றைக் கொண்டுவந்து அளந்தார்கள். ழோசெப்பின் அம்மாள் கையைத் தட்டிச் சிரித்தார். இருபத்திரண்டு வருடம் செக்கிங்கில் இருந்தவள் என்று ஈஸ்வரி சொன்னதும், டேப்பு இனிமேல் வேண்டியதில்லை என்று கேலி செய்து அவள் கையில் ஒரு குண்டைக் கொடுத்தார்கள். எறிந்தாள். அது எங்கோ உருண்டு போனது. மறுபடி எறிந்தாள். நான் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இத்தனை நாள் என்னை வெளியே நிறுத்தி வைத்தது யார் என்று அப்போதுதான் யோசித்தேன்.

ஆட்டம் கலையும்போது தனசேகர் என்னிடம் வந்தார். நாங்கள் இங்கே குடிவர யோசிப்பதை ஈஸ்வரி உள்ளே சொல்லியிருக்கிறாள்; குருசுக்குப்பத்தில் தன் தங்கை வீட்டு மாடி காலியாக இருப்பதாக அவரும் அவளிடம் சொல்லியிருந்தார். "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"திருப்பூருங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. திருத்த வேண்டும் என்று நினைத்தேன், திருத்தவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டு, புதுச்சேரி வந்தால் வெயிலுக்குப் பழக வேண்டியிருக்கும் என்று எனக்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டேன்.

7.15. விழுப்புரம் பஸ். ஈஸ்வரி சன்னலோரம் உட்கார்ந்து, பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து எனக்கும் கொடுத்தாள். கெடு வந்துவிட்டது. நானாகவே கேட்டேன். எனக்கு இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை, நான் சொன்ன ஊர் இங்கே இல்லை, திருப்பூரிலேயே இருந்துவிடலாமா என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"நீங்க சொன்ன ஊரு இல்லீங்க. அது காலையிலயே தெரிஞ்சு போச்சு" என்றாள். "இந்த ஊரு எனக்குப் புடிச்சிருக்குது. வரலாம். ஆனா வந்தா ஒண்ணு. அப்ப இங்க அது இருந்துச்சு, இது இருந்துச்சுன்னு தெனமும் சொல்லக்கூடாது. காது புளிச்சுப் போச்சு."

சரி என்றேன். பஸ் கிளம்பியது. வலப்பக்கம், நான் முதன்முதலில் தனியாகப் படம் பார்த்த கொட்டகை இருந்த இடத்தில் ஒரு பெரிய நகைக்கடை விளக்குப் போட்டு நின்றது. கையை நீட்டிவிட்டேன். வாயையும் திறந்துவிட்டேன். பிறகு இரண்டையும் அடக்கிக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்தேன்.

ஈஸ்வரி என் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு ஒரு நாளைக்குச் சொல்லுங்க" என்றாள்.

விழுப்புரம் வரை சொன்னேன்.