வேலைக்காரிப் பூச்சி

சம்சாத் பேகம் எட்டாவது வரை படித்தவள் என்பது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வாசலில் பழவண்டி வைத்திருந்த கணவர் ஹுசைன் இறந்த பிறகு, பதினோரு வருடமாக அந்தக் குடியிருப்பின் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். காலையில் பூங்காவையும் பெருக்கினாள்.

போன ஜூலையில் குடியிருப்போர் சங்கம் பூங்காவில் செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் பெயர்ப்பலகை நட்டது. நந்தியாவட்டைக்குப் பக்கத்தில், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட ஒரு பூச்சியின் படம். மேலே ஆங்கிலம். கீழே தமிழில், ‘வேலைக்காரி அந்துப்பூச்சி’.

மூன்றாம் நாள், அவள் துடைப்பத்தோடு வரும்போது சறுக்குமரத்தில் இருந்த ஒரு சிறுமி கத்தினாள்: “அம்மா, வேலைக்காரிப் பூச்சி வருது!” உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

சம்சாத்துக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. துடைப்பத்தை வீசிவிட்டு நேராகச் சங்கச் செயலாளர் சதாசிவத்தின் வீட்டுக்குப் போனாள். அணு ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டிலும் அவள்தான் வேலை.

“அந்தப் பேர வெச்சது யாரு சார்?”

சதாசிவம் உற்சாகமாகிவிட்டார். “இங்கிலீஷ்ல ஹேண்ட்மெய்டன் மாத். அந்தக் காலத்துல ஐரோப்பாவுல ஒரு பூச்சிக்கு லத்தீன்ல ‘ஆன்சில்லா’ன்னு பேர் வெச்சாங்க. வேலைக்காரின்னு அர்த்தம். அதுதான் இங்கிலீஷாகி, இதுக்கும் ஒட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க. வேறொரு பூச்சிக்கு மணப்பெண்ணுன்னே பேரு!”

“அது மணப்பொண்ணு, இது வேலைக்காரியா? இது யாரு வூட்ல பாத்திரம் தேய்ச்சுது?”

“உனக்குப் புரியாதும்மா. இது சயின்ஸ்.”

“புரிஞ்சிதான் வந்துகீறேன். எடுத்துடுங்க.”

அடுத்த வாரம் பலகை மாறியது. ‘பணிப்பெண் அந்துப்பூச்சி’.

“மரியாதையா மாத்திட்டேன், பாத்தியா?” என்றார் சதாசிவம்.

அவள் நேராகப் பூங்காவுக்குப் போனாள். பலகையை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கி, மண்ணோடு இழுத்துவந்து அவர் வாசலில் போட்டாள். “பதினோரு வருசம் ஒருத்தரும் என்னப் பேரச் சொல்லி கூப்டல. பூச்சிக்குப் பேரு வெக்க சொல்லோ மட்டும் எங்க நெனப்பு வருதா?”

மன்னிப்புக் கேட்கச் சொன்னது சங்கம். அவள் நான்கு வீட்டையும் விட்டாள். “போய்ப் பேசிடும்மா” என்ற மகள் ரிஃபானாவுக்கும் திட்டு விழுந்தது. இரண்டு மாதம் தவித்து, சம்சாத் பஸ் ஸ்டாண்டு ஓட்டல் ஒன்றில் காய் நறுக்கும் வேலை பிடித்தாள்.

குடியிருப்பின் காவலாளி தர்மராஜ் ஒருநாள் அங்கே டீ குடிக்க வந்தான். “புது போர்டு வெச்சிட்டாங்கக்கா. இங்கிலீஷ் மட்டும்தான் கீது.”

“அதுக்கும் அதாண்டா அர்த்தம்” என்று சம்சாத் வெங்காயத்தை ஓங்கி வெட்டினாள்.