ஆணியில் தொங்கும் ஒரே துண்டு

பெனிசிலின் ஊசிக்கே அடங்காத சீழை வேறு எதைக் கொண்டு அடக்குவது? கல்லூரியில் விலங்கியல் படித்தவள்தான் நான். எனக்கு விடை தெரியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா ரத்னம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து பத்து நாளாகிறது. ஓசூருக்கு வெளியே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இன்று பார்க்கப் போனேன். புண் ஆறவில்லை, காய்ச்சலும் விடவில்லை. அதே வரிசைக் கட்டில்களில் இன்னும் இரண்டு பேருக்கும் அப்படியே.

"ஊசி கேக்கலீங்களே டீச்சரம்மா. தேன்கனிக்கோட்டையில மவளுக்கு எட்டு மாசம். அவ பிரசவத்துக்குள்ள எந்திரிச்சிருவனா?" என்று கேட்டாள் ரத்னம்மா.

நர்ஸ் நல்ல பெண். ஊசியைக் கொதிக்க வைக்கிறாள். ஒவ்வொரு கட்டுக்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். கழுவிய கையை ஆணியில் தொங்கும் துண்டில் துடைக்கிறாள். வார்டு முழுவதற்கும் அந்தத் துண்டு ஒன்றுதான்.

துண்டை மாற்றச் சொல்லிப் பார்த்தேன். "டாக்டரே அதுலதாங்க துடைக்கிறாரு" என்றாள்.

டாக்டரிடமும் சொன்னேன். "துண்டுல என்னம்மா இருக்கு? பெங்களூர்ல இருந்து புது மருந்து வருது."

"அது வரும்வரை துண்டை மாற்றலாமே?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கையை எதில் துடைக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இதை எழுதி அனுப்புமுன் மறுநாளும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்; அங்கே நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து, வெள்ளை வெளேரென்று ஒரு புதுத் துண்டு மாட்டியிருந்தார்கள்.

"இது உங்களுக்கு மட்டுந்தாங்க டீச்சரம்மா" என்றாள் நர்ஸ்.

பிறகு கையைக் கழுவி, பழைய துண்டில் துடைத்துக்கொண்டு, ரத்னம்மாவின் கட்டைப் பிரித்தாள்.