பத்து பாகாட்டில் இருந்த மூன்றாம் பாகம்

எங்கள் தோட்டத்து வாசகசாலைக்கு நான் பொறுப்பாளன் ஆனதற்கும் என் படிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரப்பர் ஷீட் அடுக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு காலி அறை இருந்தது. அதன் சாவி, கணக்கெழுதும் சின்னக் கிராணியான என் இடுப்பில் தொங்கியது. "சாவி வெச்சிருக்கிறவன் பாத்துக்கட்டும்" என்று பெரிய கிராணி சொல்லிவிட்டார். அது மாட்டுக்கொட்டகைச் சாவியாக இருந்திருந்தால் இன்றைக்கு நான் பால் கறந்த கதையை எழுதிக்கொண்டிருப்பேன்.

மலாயாவில், கூலாய்க்குப் பக்கத்துத் தோட்டம். ரப்பர் விலை விழுந்து கிடந்து, மெல்லக் கையூன்றி எழுந்துகொண்டிருந்த முப்பதுகள். ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகையின் புகை சுவர் இடுக்கு வழியாக என் அறைக்குள் வந்துகொண்டே இருக்கும். அதனால் எங்கள் புத்தகங்கள் எல்லாம் கருவாட்டைப் போல் மணக்கும். தொழிலாளர் லயத்தில் எந்த வீட்டில் எது ஒளிந்திருந்தாலும் மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். நூலகப் பணியில் என் தனித்திறமை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு.

ஜொகூரில் என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் இருவர். பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு தையல்காரர், தம் கடை மாடியில் வாசகசாலை வைத்திருந்தார். தங்காக்கில் ஒரு துணிக்கடைக் கணக்கர். பஸ் டிரைவர்களின் தயவில் நாங்கள் மூவரும் ஒரு தகரப்பெட்டியை ஊர் ஊராகச் சுற்றவிட்டோம். பெட்டிக்குள் புத்தகங்களோடு ஆலோசனைச் சீட்டுகளும் போகும். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் கரப்பான் கிட்டே வராது என்று தையல்காரர் எழுதுவார். தங்காக்குக்காரர் புத்தக முதுகில் ஒட்டுவதற்குச் சேலைக் கரைத் துண்டுகளை அனுப்புவார். நானும் சும்மா இருக்கக் கூடாதே என்று, ரப்பர் பாலையே பசையாகப் பயன்படுத்தலாம் என்று எழுதி, மாதிரிக்கு ஒரு புத்தகமும் ஒட்டி அனுப்பினேன். ஒரு அத்தியாயம் முழுவதும் ஒரே ஏடாகிவிட்டது. "தம்பி, இதைப் படிக்க முடியாது. வேணும்னா செருப்புக்கு அடியில தைக்கலாம்" என்று பதில் வந்தது.

தையல்காரர் எழுதியதில் இன்னொன்று மட்டும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "பதினாலு பதினஞ்சு வயசுப் பிள்ளைங்ககிட்ட 'என்ன புரிஞ்சுது'ன்னு கேக்காதீங்க. எந்திரிச்சு ஓடிடும். 'அடுத்தது என்ன ஆவும்'னு கேளுங்க. மறுநாளும் வரும்."

அடுத்தது என்ன ஆகும் என்று கேட்பதற்கு எங்களிடம் அருமையான சரக்கு ஒன்று வந்து சேர்ந்தது. மூன்று பாகங்கள் கொண்ட துப்பறியும் நாவல். ஊர்கள் மூன்று, பிரதி ஒன்று. ஆகவே ஊருக்கு ஒரு பாகமாகப் பிரித்துக்கொண்டோம். எங்களுக்கு முதலில் ஒன்றாம் பாகம், பிறகு தங்காக்கோடு மாற்றிக்கொண்டு இரண்டாம் பாகம். மூன்றாம் பாகத்தில் தொடங்க நேர்ந்த பத்து பாகாட்டுப் பிள்ளைகள் முடிவிலிருந்து முதலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அதிலும் ஒரு சுவை இருக்கிறது என்று தையல்காரர் சமாதானம் சொன்னார். யாரும் யாருக்கும் கதையைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் மூவருக்கும் கட்டுப்பாடு. தம் முறை வரும்வரை பொறுப்பாளரும் படிக்கக் கூடாது. ஒரு விலைக்கு மூன்று வாசகசாலை நடத்துகிறோம் என்று எங்களுக்குப் பெருமை வேறு.

புல் வெட்டும் கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். பதினைந்து வயது. தகப்பன் இல்லை; தாயும் அவளும் ரப்பர் மரங்களின் ஒரே நிரையில் புல் வெட்டுவார்கள். வாசகசாலையில் ஆண்கள் பத்திரிகையை விரித்துக்கொண்டு சாய்ந்து கிடப்பார்கள் என்பதால், பெண்பிள்ளைகளுக்குப் பின்பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் புத்தகம் கொடுப்பேன். முதல் நாளே அவள் கேட்டாள்.

"ஏன் கிராணியய்யா, ஜன்னல் வழியாத் தீனி போட நான் என்ன கோழியா?"

"உள்ள ஆம்பளைங்க இருக்காங்க, புள்ள."

"இருக்கட்டும். அவுங்களையும் படிக்கச் சொல்லுங்க."

சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டாள். சாய்ந்து கிடந்தவர்கள் சாரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். மறுவாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காலை பெண்பிள்ளைகளுக்கு என்று அறிவித்தேன். நானே யோசித்துச் செய்த சீர்திருத்தம் போலத் தகரப்பெட்டிச் சீட்டிலும் எழுதி அனுப்பினேன். இருவரும் என்னைப் பாராட்டிப் பதில் எழுதினார்கள். நான் வெட்கமில்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உரக்கப் படிப்பேன். ஜமீன்தாருக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல், கதாநாயகிக்கு மூக்கால் ஒரு குரல். ஜமீன் பங்களாவில் மரகத மாலை திருட்டுப் போகிறது. முகமூடி போட்ட ஒருவன் அடிக்கடி வருகிறான். இரண்டாம் பாகத்தின் கடைசி வரியில், கிணற்றறையில் அடைபட்ட கதாநாயகி முகமூடியைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டுகிறாள். அதோடு முடிந்தது. மீதி பத்து பாகாட்டில்.

"அலமாக்!" என்று பெண்கள் அலறினார்கள். "யாருய்யா அவன்?"

"ஜமீன் மேனேஜர்தான்" என்றேன் நான், தெரிந்தவன் போல.

"ஒங்களுக்கு நம்ம மேனேஜர் துரை மேல இருக்கிற கோவத்த அந்த ஆளு மேல காட்டுறீங்க" என்றாள் அவள். "சமையக்காரன்தான்யா. முகமூடிக்காரன் வர்றப்பல்லாம் பங்களாவுல சோறு லேட்டு. பாத்தீங்களா இல்லியா?"

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். முகமூடிக்காரன் வரும் ஒவ்வொரு முறையும் ஜமீன்தார் பசியோடு காத்திருக்கிறார். குரல் மாற்றி மாற்றிப் படித்த எனக்கு அது கண்ணில் படவில்லை. அவளுடைய ஊகத்தைச் சீட்டில் எழுதி அனுப்பினேன். "கெட்டிக்காரப் பிள்ளை. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்" என்று தையல்காரர் பதில் எழுதினார். அவர் படித்து முடித்திருந்தார்.

மழைக்காலம் வந்தது, குளிர் காய்ச்சலும் வந்தது. பலருக்கு வந்து போனது. அவளைவிட்டு மட்டும் போகவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தாள். கொய்னா மருந்தால் காது அடைத்துப் போயிருந்தது. கிட்டே குனிந்துதான் பேச வேண்டும்.

"பெட்டி வந்திருச்சாய்யா?"

"வரும் புள்ள. சொல்லி அனுப்பியிருக்கேன்."

பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தது உண்மை. ஆனால் பெட்டி எங்கள் ஊருக்கு வரும் முறை இன்னும் ஆகவில்லை. அவள், "நீங்களாச்சும் சொல்லுங்க. யாரு அவன்?" என்றாள்.

எனக்குத் தெரியாது. கட்டுப்பாட்டைக் காப்பாற்றிய ஒழுங்கான நூலகனாயிற்றே நான். ஆனாலும் அந்த நேரத்தில் தெரியாது என்று எப்படிச் சொல்வது? சொன்னேன்: கதாநாயகி முகமூடியை இழுக்கிறாள், உள்ளே சமையல்காரன், கையில் இன்னும் கரண்டி, மீசையில் சாம்பார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வந்தது.

"புளுகுறீங்க. புளுகுறப்பல்லாம் காதத் தொடுவீங்க."

கையை இறக்கினேன்.

"நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்றீங்க. எனக்கு அது வேணாம்யா. எழுதியிருக்கிறது வேணும்."

கூலாய்க்கு நடந்து போய், அவசரம் என்று அடுத்த பஸ் டிரைவரிடமும் சொல்லி அனுப்பினேன்.

பத்து பாகாட்டில் என்ன நடந்தது என்பதைத் தையல்காரர் பிறகு சொன்னார். அவருடைய பிள்ளைகள் மாடியில் மூன்றாம் பாகத்தை முறைவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். பாதி தாண்டியிருந்தது. டிரைவர் சொன்ன சேதியை அவர் சொன்னதும் படித்துக்கொண்டிருந்த பையன் நிறுத்தினான். "அந்தச் சோறு லேட்டுப் புள்ளைக்கா?" என்று கேட்டான். என் சீட்டை அவர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருந்தார். புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தான். "நாங்க அப்புறம் படிச்சுக்கிறோம், கொண்டு போங்க."

பெட்டியை நம்பாமல் அவரே கிளம்பிவிட்டார். கல்யாணச் சட்டைகளைத் தைக்காமல் போட்டுவிட்டு, புத்தகத்தை ஒரு கோட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆயர் ஈத்தாமில் பஸ் மாறி வந்தார். கூலாய்ச் சடக்கோரத்தில், பஸ் நிற்கும் இடத்தில் நான் நின்றிருந்தேன். அதுவரை நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனாலும் மடியில் இருந்த மூட்டையைப் பார்த்ததும் எனக்கு அவரைத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் தெரிந்துவிட்டது.

"எப்ப தம்பி?"

"நேத்து, அண்ணே. அடக்கம் பண்ணியாச்சு."

அவர் வேதக்காரர். நெற்றியிலும் மார்பிலும் கை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு துணியைப் பிரித்து, புத்தகத்தில் ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். படவில்லை. அவர் தோள் முழுக்க நனைந்திருந்தது.

மறுநாள் புதைத்த இடத்தில் பால் தெளித்துவிட்டு வந்து எல்லோரும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டில் புராணம் வாசிக்கும் வழக்கம் உண்டு. அதற்காகத்தான் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் வழக்கமான புத்தகத்தைப் பிரித்தேன். தாய் சுவரில் சாய்ந்திருந்தார். அவர் கண் தையல்காரர் மடியில் இருந்த புத்தகத்தின் மேல் இருந்தது.

"அது மூணாவதா?"

"ஆமாம்மா" என்றார் தையல்காரர்.

"அதப் படிங்கய்யா."

கிழவர் ஒருவருக்குக் கோபம் வந்தது. "சாவு வீட்டுல திருட்டுக் கதையா? நல்லாருக்கே!"

"பாதியில விட்டுட்டுப் போயிட்டா, மாமா. ஒங்களுக்குப் புடிக்கலன்னா காதப் பொத்திக்குங்க" என்றார் தாய்.

நான் படிக்க ஆரம்பித்தேன். இழவு வீட்டுக்குத் தகுந்த குரலில், தலையைக் குனிந்துகொண்டு, எல்லாருக்கும் ஒரே குரலாக. ஒரு பக்கம் போவதற்குள் தாய் நிறுத்தினார்.

"அப்படி இல்ல. அவளுக்குப் படிச்ச மாதிரி. பொம்பளைக்கு ஒரு கொரல் போடுவீங்களாமே, மூக்கால. வீட்டுக்கு வந்து செஞ்சு காட்டுவா."

வாழ்க்கையில் நான் எத்தனையோ இடத்தில் கோமாளியாக நின்றிருக்கிறேன். பெரும்பாலும் யாரும் கேட்காமலே. அன்று கேட்டார்கள். சாவு வீட்டு வாசலில், வேலைக்குப் போகாமல் கூடியிருந்த சனத்தின் நடுவில், மூக்கால் பேசினேன். ஜமீன்தாருக்காகத் தொண்டையைச் செருமினேன். கதாநாயகி கிணற்றறையில் கதறும் இடத்தில் என் குரல் நிஜமாகவே உடைந்தது. நடிப்பு என்று நினைத்துக் கிழவர்கூடத் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிரித்தார்களா அழுதார்களா என்று நான் பார்க்கவில்லை.

முகமூடி கழன்றது. சமையல்காரன் இல்லை. மேனேஜரும் இல்லை. ஜமீன்தாருடைய இரட்டைச் சகோதரன்.

அந்த வரிக்கு முன்னால் ஒரு கணம் நின்றேன். சமையல்காரன் என்று மாற்றிப் படிக்க எனக்கு ஒரு மூச்சுக்கூடத் தேவைப்பட்டிருக்காது. உண்மை தெரிந்த ஒரே ஆளான தையல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறந்திருக்கமாட்டார். எழுதியிருக்கிறது வேணும் என்று அவள் சொல்லியிருந்தாள். எழுதியிருந்ததைப் படித்தேன்.

"யாரு அவன்? முன்னாடி வந்தானா?" என்று தாய் கேட்டார்.

"இல்லம்மா. இப்பதான் வர்றான்."

"அப்ப சமையக்காரன் இல்லியா?"

"இல்லம்மா."

நிரையில் புல் வெட்டிக்கொண்டே மகள் அவருக்கு முழுக் கதையையும் சொல்லியிருக்க வேண்டும்.

"அப்ப சோறு ஏன் லேட்டாச்சு?"

நான் தையல்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மீதிப் பக்கங்களை அவசரமாகப் புரட்டினேன். மாலை கிடைக்கிறது, கல்யாணம் நடக்கிறது, விருந்து கூட நடக்கிறது. சோற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

"அதுக்கு ஒண்ணும் எழுதலம்மா."

"எழுதினவனுக்குத் தெரியல" என்றார். அதன் பிறகுதான், அடக்கத்தின்போதும் அழாதவர், தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை தையல்காரர் பஸ் ஏறினார். பிள்ளைகள் காத்திருப்பார்கள். புத்தகத்தைத் திரும்பச் சுற்றிக்கொண்டார். "அவ படிச்சாளான்னு கேப்பாங்களே தம்பி, என்ன சொல்றது?" என்றார். பஸ் நகரும்போது, "பிள்ளைங்ககிட்ட அந்தம்மா கேட்டதையே கேக்குறேன்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

பெட்டி மறுபடியும் வந்தபோது மூன்று பாகங்களும் ஒன்றாக வந்தன. அவர் தம் கையால் தைத்து, தங்காக்குச் சேலைக்கரையை முதுகில் ஒட்டியிருந்தார். இனிமேல் கதையைப் பிரிப்பதில்லை என்று அவரும் தங்காக்குக்காரரும் என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள். கூடவே ஒரு சீட்டு. பத்து பாகாட்டுப் பிள்ளைகள் சண்டை போட்டு, முதல் இரண்டு பாகங்களையும் வரவழைத்துப் புரட்டி, கடைசியில் எல்லாரும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்களாம்: சமையல்காரன்தான். புத்தகம்தான் தப்பு.

அதைச் சொல்லப் புல்வெட்டுக் காட்டுக்குப் போனேன். தாய் கத்தியைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தார். நான் பத்து பாகாட்டுச் சேதியை ஆரம்பத்திலிருந்து சொன்னேன், வழக்கத்துக்கு மாறாக ஒன்றையும் கூட்டாமல். சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காதுப் பக்கம் போகாத என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.